தலைமுறை தாண்டும் கொடை: குடும்ப அறக்கட்டளையும் நிதி ஆலோசகரும்

ஒரு குடும்பத்தின் கொடை அதைத் தொடங்கியவருடைய காலத்துக்குப் பிறகும் நடக்க வேண்டுமானால் முதலில் பணம் வேண்டும். அந்தப் பணத்தைக் காக்கும் சட்ட வடிவம் வேண்டும். அதை யாருக்கு, எதற்குக் கொடுப்பது என்று கூடிப் பேசி முடிவெடுக்கத் தெரிந்த வாரிசுகளும் வேண்டும். பணத்தைச் சம்பாதித்துவிடலாம். சட்ட வடிவத்தை வக்கீலும் ஆடிட்டரும் ஒரு மாதத்தில் அமைத்துக் கொடுத்துவிடுவார்கள். வாரிசுகளைப் பழக்குவதற்குத்தான் பல ஆண்டுகள் பிடிக்கும். குடும்பக் கொடைகள் பெரும்பாலும் நொடிப்பதும் இந்த இடத்தில்தான். நிதி ஆலோசகர்களின் கவனம் வழக்கமாக முதல் இரண்டோடு நின்றுவிடுகிறது. மூன்றாவதையும் தம் வேலையாக எடுத்துக்கொள்ளும் ஆலோசகரால்தான் ஒரு குடும்பத்துக்கு நிலைத்த பயன் கிடைக்கிறது.

தமிழ்நாட்டில் இந்தப் பொறுப்பு ஒரே ஆளிடம் இருப்பதில்லை. வரிக்கணக்குப் பார்க்கும் ஆடிட்டர், பத்திரம் எழுதும் வக்கீல், முதலீட்டைக் கவனிக்கும் ஆலோசகர், வங்கி மேலாளர் என்று பிரிந்து கிடக்கிறது. குடும்பத்தின் சொத்து முழுவதையும், அதன் உறவுச் சிக்கல்களோடு சேர்த்து அறிந்தவர் பல வீடுகளில் ஆடிட்டர்தான். எனவே கொடையைப் பற்றிய முதல் பேச்சும் அவரிடமே தொடங்குகிறது. பெரும்பாலும் அது நிதியாண்டு முடியும் மார்ச் மாதத்தில், வரிவிலக்கு ரசீது பற்றிய கேள்வியாகத் தொடங்குகிறது.

நீண்ட காலக் கொடை தமிழருக்குப் புதியதன்று. கோயில் விளக்குக்கும் அன்னதானத்துக்கும் திருவிழாவின் ஒரு நாள் செலவுக்கும் நிலத்தை எழுதிவைத்து, அதன் வருமானத்தில் பரம்பரையாக நடத்திவரும் கட்டளைகள் இன்றும் உண்டு. 1959ஆம் ஆண்டின் இந்து சமய அறநிலையச் சட்டமும் அவற்றை ஏற்று ஒழுங்குபடுத்துகிறது. இந்த ஏற்பாட்டின் பலமும் பலவீனமும் ஒன்றுதான்: செய்ய வேண்டிய காரியம் துல்லியமாக எழுதப்பட்டிருக்கும். காலம் மாறி நிலத்தின் வருமானம் குறைந்தாலோ, ஊர் பெயர்ந்து குடும்பம் வேறிடம் போனாலோ, அடுத்து என்ன செய்வது என்பதற்கு வழி எழுதப்பட்டிருக்காது.

வழி எழுதப்படாத உயில் எவ்வளவு காலம் முடங்கிக் கிடக்கும் என்பதற்குப் பச்சையப்ப முதலியாரின் கொடையே பெரிய சான்று. கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்தில் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளரும் தரகருமாக, பெரும் செல்வம் ஈட்டிய அவர் 1794இல், நாற்பது வயதளவில் காலமானார். அந்த ஆண்டே எழுதிய உயிலில் கோயில் வழிபாட்டுக்கும் தருமங்களுக்கும் தம் செல்வத்தை ஒதுக்கியிருந்தார். உயிலின் நோக்கம் தெளிவாகவே இருந்தது. அதை நிறைவேற்ற வேண்டியவர்களையும் உறவினர்களையும் கட்டிவைக்கும் ஏற்பாடுதான் இல்லை. வழக்கு நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் இழுத்தது. கடைசியில் சென்னையின் அட்வகேட் ஜெனரலாக இருந்த ஜார்ஜ் நார்ட்டன் முயன்று, நீதிமன்றத்தின் வழியாக ஒரு திட்டம் வகுக்கச் செய்தார். வழிபாட்டுக் கட்டளைகளுக்கான பங்கு தனியே வைக்கப்பட்டது. சேர்ந்துபோயிருந்த உபரி கல்விக்குத் திருப்பப்பட்டது. நிர்வாகத்துக்கு இந்து அறங்காவலர் குழு அமைந்தது. 1842இல் சென்னையில் பச்சையப்பன் பள்ளி திறந்தது. 1889இல் அது கல்லூரியானது. உயிலுக்கும் பள்ளிக்கும் இடையே 48 ஆண்டுகள். நார்ட்டன் செய்ததைக் கொடையாளர் உயிரோடிருந்தபோதே ஒருவர் செய்து கொடுத்திருந்தால் சென்னைப் பிள்ளைகளின் ஒன்றிரண்டு தலைமுறைக்கு அந்தக் கல்வி கூடுதலாகக் கிடைத்திருக்கும்.

இதற்கு நேர்மாறான வரலாறு அமெரிக்காவின் ராக்ஃபெல்லர் குடும்பத்துடையது. நிதி ஆலோசகர் ஒருவர் குடும்பக் கொடையை உருவாக்கிய விதத்தை இவ்வளவு தெளிவாகக் காட்டும் வேறு உதாரணம் அரிது. ஜான் டி. ராக்ஃபெல்லர் 1855இல் கிளீவ்லண்டில் பதினாறு வயதுக் கணக்கெழுத்தராக வேலைக்குச் சேர்ந்தபோதே, சின்னக் கணக்குப் புத்தகம் ஒன்றில் தம் வரவு செலவோடு தருமச் செலவையும் எழுதிவந்தார். எண்ணெய்த் தொழில் பெருகியபின் உதவி கேட்டு வந்த கடிதங்களையும் ஆட்களையும் அவரால் சமாளிக்க முடியவில்லை. 1891இல் ஃபிரெடரிக் கேட்ஸ் என்ற பாப்டிஸ்ட் போதகரைத் தம் அலுவலகத்தில் அமர்த்திக்கொண்டார். சிகாகோ பல்கலைக்கழகத்துக்கான கொடையை ஏற்பாடு செய்ததில் கேட்ஸின் திறமையை அவர் முன்பே பார்த்திருந்தார்.

கேட்ஸ் கொடைகளை மட்டும் கவனிக்கவில்லை. ராக்ஃபெல்லர் பிறர் பேச்சைக் கேட்டுப் பணம் போட்டிருந்த பல நிறுவனங்களை நேரில் போய் ஆராய்ந்து, எவை நஷ்டத்தில் ஓடுகின்றன என்று சொன்னவரும் அவரே. மெசாபி இரும்புத் தாது முதலீட்டை லாபமாக்கியதிலும் அவருக்குப் பங்கு உண்டு. முதலீட்டில் கேட்கும் கேள்விகளையே அவர் கொடையிலும் கேட்டார்: இந்தப் பணம் எந்தக் குறையின் வேரைத் தொடுகிறது? கொடுத்து முடித்தபின் என்ன நிற்கும்? 1897ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில் வில்லியம் ஆஸ்லரின் மருத்துவப் பாடநூலை முழுக்கப் படித்தார். பெரும்பாலான நோய்களுக்கு மருத்துவத்திடம் விடையில்லை என்பது அவருக்கு அதிலிருந்து புலப்பட்டது. அந்த வாசிப்பின் பலனாக 1901இல் ராக்ஃபெல்லர் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம் பிறந்தது. வாடிக்கையாளரின் பணம் போகப்போகும் துறையைத் தானே உட்கார்ந்து படித்த ஆலோசகர் அவர். இன்றைய ஆலோசகர்களிடம் எதிர்பார்க்க வேண்டிய குணங்களில் இதை முதலில் வைக்கலாம்.

அவருடைய இன்னொரு பங்களிப்பு மகனைப் பழக்கியது. ஜான் டி. ராக்ஃபெல்லர் ஜூனியர் 1897இல் கல்லூரி முடித்துத் தந்தையின் அலுவலகத்துக்கு வந்தார். கேட்ஸ் பங்குகொண்ட பேச்சுகளில் உடனிருந்து வேலை கற்றார். 1910இல் ஸ்டாண்டர்ட் ஆயில் பொறுப்பிலிருந்து விலகிக் கொடைப்பணியையே தம் தொழிலாக்கிக்கொண்டார். செல்வம் குவியும் வேகத்துக்குக் கொடை ஈடுகொடுக்காவிட்டால் அது பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் நசுக்கிவிடும் என்று மூத்த ராக்ஃபெல்லரை எச்சரித்துவந்ததும் கேட்ஸ்தான். 1913இல் நியூயார்க் மாநிலச் சட்டத்தின்கீழ் ராக்ஃபெல்லர் ஃபவுண்டேஷன் அமைந்தது. பின்னாளில், 1960இல், ஃபோர்ட் ஃபவுண்டேஷனோடு சேர்ந்து அது பிலிப்பைன்ஸில் நிறுவிய சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்துதான் தஞ்சை விவசாயிகள் அறிந்த ஐ.ஆர். 8 நெல் வந்தது.

மூன்றாம் தலைமுறையை ஜூனியர் பழக்கிய முறை எளிமையானது. பிள்ளைகளுக்குக் கைச்செலவுப் பணம் கொடுத்தார். ஒவ்வொரு காசுக்கும் கணக்கெழுத வைத்தார். ஒரு பங்கைச் சேமிக்கவும் ஒரு பங்கைத் தருமத்துக்குக் கொடுக்கவும் சொன்னார். வளர்ந்த மகன்கள் ஐவரும் 1940இல் ராக்ஃபெல்லர் பிரதர்ஸ் ஃபண்ட் என்ற நிதியைத் தொடங்கியபோது அதற்குப் பெரிய மூலதனம் கிடையாது. ஆண்டுதோறும் தாங்கள் போட்ட பணத்திலிருந்தே கொடுத்தார்கள். பதினொரு ஆண்டுகள் அப்படி நடத்திப் பழகியபின், 1951இல் தந்தை அந்த நிதிக்கு 5.8 கோடி டாலர் வழங்கினார். இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும்: முதலில் பொறுப்பு, பிறகு பெரும்பணம். பணத்தை முதலில் வைத்துவிட்டு அறங்காவலர்களைப் பிறகு தேடும் குடும்பங்கள் செய்வது தலைகீழ். 1967இல் அடுத்த தலைமுறைக்கும் இடம் தரும் ராக்ஃபெல்லர் ஃபேமிலி ஃபண்ட் உருவானது. 2014இல் பிரதர்ஸ் ஃபண்டும் 2016இல் ஃபேமிலி ஃபண்டும் நிலக்கரி, எண்ணெய் முதலீடுகளிலிருந்து விலகுவதாக அறிவித்தன. குடும்பத்துக்குச் செல்வம் தந்த தொழிலையே மறுக்கும் உரிமை பேரன் பேத்திகளுக்கு இருந்தது. அந்த உரிமை இருந்ததால்தான் அவர்கள் அந்த நிதிகளை விட்டுப் போகவில்லை.

இனி இந்தியக் குடும்பம் ஒன்று ஆலோசகரிடம் வந்தால் வேலை எந்த வரிசையில் நடக்க வேண்டும் என்று பார்க்கலாம்.

முதலில், கொடுக்க நினைக்கும் சொத்து யாருடையது என்று பார்க்க வேண்டும். சுயமாகச் சம்பாதித்ததா, பூர்வீகச் சொத்தா? தமிழ்நாட்டில் 1989 முதலும், நாடு முழுவதும் 2005 முதலும் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகள்களுக்கும் பிறப்புரிமைப் பங்கு உண்டு (மாநிலச் சட்டம் அப்போதே மணமாகியிருந்த மகள்களைச் சேர்க்கவில்லை). அவர்களைக் கேட்காமல் எழுதப்படும் அறக்கட்டளைப் பத்திரம் பின்னால் வழக்காகும். அடுத்தது, கொடுப்பவரும் அவர் துணையும் கடைசிவரை மருத்துவச் செலவு உட்பட வசதியாக வாழ எவ்வளவு வேண்டும் என்ற கணக்கு. பொது அறக்கட்டளைக்குக் கொடுத்த சொத்து திரும்ப வராது. இதைப் பலர் உணர்வதில்லை. கஷ்டம் வந்தால் டிரஸ்டிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்றே நினைக்கிறார்கள். வருமான வரிச் சட்டம் அதை நேரடியாகத் தடுக்கிறது. நிறுவியவர், அறங்காவலர், அவர்களுடைய உறவினர் ஆகியோருக்கு டிரஸ்டின் பணமோ சொத்தோ பயன்பட்டால் அந்த அளவுக்கு வரிவிலக்கு பறிபோகும். நிறுவியவருடைய பேரனுக்கு டிரஸ்டிலிருந்து கல்லூரிக் கட்டணம் கட்டுவதும் இதில் அடங்கும். இந்த ஒன்றை மட்டும் முதல் சந்திப்பிலேயே அழுத்தமாகச் சொல்லிவிடும் ஆலோசகர் குடும்பத்துக்குப் பெரிய உபகாரம் செய்தவர்.

வடிவத்தைத் தேர்ந்தெடுப்பது இதன் பிறகுதான். ஆண்டுக்குச் சில லட்சம் கொடுக்க நினைக்கும் குடும்பத்துக்குச் சொந்த டிரஸ்ட் தேவையேயில்லை. நன்றாக நடக்கும் மருத்துவமனைக்கோ பள்ளிக்கோ நேரடியாகக் கொடுத்து, அந்தப் பட்டியலை ஆண்டுக்கொருமுறை குடும்பமாக உட்கார்ந்து முடிவுசெய்வதே போதும். டிரஸ்ட் வைத்தால் தணிக்கை, ஆண்டுக்கணக்கு, பதிவுப் புதுப்பிப்பு என்று வேலை வந்துசேரும். வருமான வரித்துறைப் பதிவு 2021 முதல் ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியதாகிவிட்டது. சிறிய டிரஸ்டுகளுக்கு இது 2025இல் பத்தாண்டாக நீட்டப்பட்டது. பெரிய அளவில் தாமே பணி நடத்த விரும்புவோர் பொது அறக்கட்டளை, சங்கம், நிறுவனச் சட்டத்தின் 8ஆம் பிரிவு நிறுவனம் ஆகியவற்றில் ஒன்றைத் தேர்வார்கள். தமிழ்நாட்டில் மகாராஷ்டிரத்தைப்போலப் பொது அறக்கட்டளைகளுக்கென்று தனிச் சட்டமும் ஆணையரும் இல்லை. பத்திரத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவுசெய்கிறார்கள். தகராறு வந்தால் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 92ஆம் பிரிவின்கீழ் நீதிமன்றம் போகிறார்கள். மேற்பார்வை குறைவு என்பதால் பத்திரத்தில் எழுதப்படும் சொற்களுக்கு இங்கே கனம் அதிகம்.

வரிச்சலுகை கொடைக்கான காரணமாக இருந்த காலம் மெல்லப் போய்க்கொண்டிருக்கிறது. நன்கொடைக்கான 80ஜி கழிவு புதிய வரிமுறையில் இல்லை. 2023-24 முதல் அதுவே இயல்பு வரிமுறை. பழைய முறையிலும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கழிவில்லை. பொருளாகவோ பங்காகவோ கொடுத்தாலும் இல்லை. 1961ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2025ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வருவதால் பிரிவு எண்களும் மாறுகின்றன. அமெரிக்காவில் விலை ஏறிய பங்கை அப்படியே கொடையாகக் கொடுத்தால் மூலதன ஆதாய வரியும் இல்லை, கழிவும் உண்டு. அங்குள்ள ஆலோசகர்களின் உத்திகளில் பாதி அதைச் சுற்றியே அமைந்தவை. அவற்றை இங்கே அப்படியே கொண்டுவர முடியாது. வரிச்சலுகையை மட்டும் காட்டிக் கொடையை நடத்திவந்த குடும்பத்தில், சலுகை போனதும் அடுத்த தலைமுறைக்குச் சொல்லக் காரணம் எதுவும் மிஞ்சாது.

மூலதனம் எத்தனை காலம் தாங்கும் என்ற கணக்கு ஆலோசகருக்கே உரிய வேலை. கல்லூரிகளில் தாத்தா பெயரில் வைக்கப்பட்ட பரிசுகளைப் பார்த்தால் இது விளங்கும். தங்கப் பதக்கம் என்று பெயர் இருக்கும். வங்கியில் போட்ட தொகையின் வட்டி பதக்கத்துக்குப் பூசும் முலாமுக்குக்கூடக் காணாது. பத்து லட்சம் ரூபாயை 7 சதவீத வட்டிக்குப் போட்டு, வரும் 70,000 ரூபாயையும் ஆண்டுதோறும் செலவழிப்பதாக வைத்துக்கொள்வோம். விலைவாசி 6 சதவீதம் ஏறினால் ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டில் பொருள்களின் விலை இரட்டிக்கும். இருபத்துநான்கு ஆண்டில் அந்த 70,000 ரூபாய்க்கு இன்றைய மதிப்பு சுமார் 17,000தான். இரண்டு ஏழைப் பிள்ளைகளின் கட்டணத்துக்குப் போதுமாயிருந்த தொகை, அரைப் பிள்ளையின் கட்டணத்துக்கு வந்து நிற்கும்.

சட்டமும் இதில் குறுக்கே நிற்கிறது. டிரஸ்டின் வருமானத்தில் 85 சதவீதத்தை அந்த ஆண்டே அறச்செயலுக்குச் செலவிட வேண்டும். குறிப்பிட்ட நோக்கத்தைத் தெரிவித்தால் ஐந்தாண்டு வரை சேர்த்துவைக்கலாம். மீதி 15 சதவீதத்தை முதலோடு சேர்த்தாலும் மேலே சொன்ன கணக்கு பெரிதாக மாறாது. நிறுவனப் பங்குகளை நேரடியாக வைத்திருக்க டிரஸ்டுகளுக்குப் பொதுவாக அனுமதியில்லை. கொடையாக வந்தாலும் குறித்த காலத்துக்குள் விற்றுவிட வேண்டும். ஆனால் மியூச்சுவல் ஃபண்ட் யூனிட்டுகள் அனுமதிக்கப்பட்ட முதலீட்டுப் பட்டியலில் இருக்கின்றன. அவற்றின் மதிப்பு ஏறினாலும் விற்கும்வரை அது வருமானக் கணக்கில் வராது. கார்ப்பஸ் (செலவழிக்காமல் முதலாக வைக்க வேண்டியது) என்று எழுத்தில் குறித்து வந்த நன்கொடையை இவ்வகையில் ஒரு பகுதியும், வங்கி வைப்பிலும் அரசுக் கடன்பத்திரத்திலும் ஒரு பகுதியுமாகப் பிரித்து வைத்தால் முதல் தேய்வதைக் குறைக்கலாம். சந்தை இறங்கும் ஆண்டில் உதவித்தொகை நின்றுவிடாதபடி இரண்டு மூன்று ஆண்டுச் செலவைத் தனியே வைப்பில் போட்டுவைப்பது நல்ல ஆலோசகர்களின் வழக்கம். எத்தனையோ ஆடிட்டர்கள் பயந்துகொண்டு எல்லாவற்றையும் வைப்பிலேயே போடச் சொல்கிறார்கள். கணக்குக்கு அது பத்திரம். அந்தக் கணக்கை நம்பியிருக்கும் மாணவருக்குப் பத்திரமில்லை.

ஜே.என். டாட்டா 1892இல் வெளிநாட்டு உயர்கல்விக்காக ஏற்படுத்திய நிதி இதே சிக்கலுக்கு வேறொரு விடை கண்டது. அது மாணவர்களுக்குக் கடனுதவியாகக் கொடுக்கிறது. திரும்பி வரும் பணம் அடுத்த மாணவருக்குப் போகிறது. பின்னாளில் குடியரசுத் தலைவரான கே.ஆர். நாராயணன் அந்த நிதியில் லண்டன் சென்று படித்தவர்.

பத்திரம் எழுதும்போது நோக்கத்தை அகலமாகவும் நடைமுறையை இறுக்கமாகவும் எழுத வேண்டும். பெரும்பாலான பத்திரங்களில் இது தலைகீழாகவே இருக்கிறது. இன்ன ஊர், இன்ன பள்ளி, இன்ன வகுப்பு என்று நோக்கம் குறுகியிருக்கும். அறங்காவலர் இறந்தால் யார், எத்தனை வயதில் சேரலாம், எத்தனை ஆண்டு இருக்கலாம், ஓட்டு சமமானால் என்ன செய்வது என்பவற்றுக்கு ஒரு வரியும் இருக்காது. மூத்த மகனே அடுத்த நிர்வாக அறங்காவலர் என்ற வாசகம் பழக்கத்தால் எழுதப்படுகிறது. அவருக்கு நாட்டமே இல்லாமல், மணமாகிப்போன தங்கைக்கு அத்தனை ஆர்வமும் இருப்பது எந்தக் குடும்பத்திலும் நடக்கக்கூடியது. குடும்பத்துக்கு வெளியே ஒன்றிரண்டு அறங்காவலர்கள், குறித்த பதவிக்காலம், பேரப்பிள்ளைகள் பதினெட்டு வயதிலிருந்து பார்வையாளராக உட்காரும் உரிமை ஆகியவற்றைப் பத்திரத்திலோ துணை விதியிலோ எழுதிவைக்கலாம். பணத்தை வைத்தவரின் மனத்தைப் பத்திரச் சட்டமொழி காட்டாது. இதைத் தொடங்கியதேன், எதை மாற்றலாம், எதை மாற்றக்கூடாது என்று அவர் தம் சொந்த நடையில் இரண்டு பக்கம் எழுதி இணைத்தால், ஐம்பது ஆண்டு கழித்துக் கூடும் அறங்காவலர்களுக்கு அது துணையாகும்.

இளையவர்களைப் பழக்க ஒவ்வொரு வீட்டுக்கும் ஒவ்வொரு வழி. ஆண்டுக் கொடையில் பத்தில் ஒரு பங்கை முழுக்க அவர்களுடைய முடிவுக்கு விடுவது நல்ல தொடக்கம். அவர்கள் நிறுவனத்துக்கு நேரில் போய்ப் பார்த்து, கணக்கைக் கேட்டு, பெரியவர்கள் முன் காரணம் சொல்ல வேண்டும். பெரியவர்களுக்குப் பிடிக்காத நோக்கமானாலும் சட்டத்துக்கு உட்பட்டதானால் தடுக்கக்கூடாது. தாத்தா கோயில் திருப்பணிக்குக் கொடுத்திருப்பார். பேத்தி தெருநாய்க் கருத்தடைத் திட்டத்துக்கோ ஏரி தூர்வாரவோ கேட்பாள். இந்தக் கூட்டத்தை வீட்டுப் பெரியவர் தலைமையில் நடத்தினால் மற்றவர்கள் வாய் திறப்பதில்லை. ஆலோசகர் நடத்தும்போது திறக்கிறார்கள். அவர் வெளியாள் என்பதே அங்கே தகுதியாகிறது. தமிழ்நாட்டில் பிறந்து ஹெச்.சி.எல். நிறுவனத்தைத் தொடங்கிய சிவ நாடார், தம் தந்தையின் பெயரில் 1996இல் சென்னைக்கு அருகே எஸ்.எஸ்.என். கல்லூரியை நிறுவினார். அவருடைய அறக்கட்டளையில் பிறகு உத்தரப் பிரதேசக் கிராமப்புற ஏழைப் பிள்ளைகளுக்கான வித்யாஞான் உறைவிடப் பள்ளிகளை மகள் ரோஷ்னி முன்னின்று வளர்த்தார். கலை அருங்காட்சியகத்தை மனைவி கிரண் அமைத்தார். ஒரே குடை, ஒவ்வொருவருக்கும் தம் பணி.

பிள்ளைகள் வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற வீடுகளில் இன்னொரு சிக்கல் எழுகிறது. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் மகன் துபாயிலிருந்து தன் சேமிப்பில் அனுப்பும் பணம் வெளிநாட்டு நன்கொடையாகாது. அமெரிக்கக் குடியுரிமை பெற்றுவிட்ட மகள் தன் தாத்தாவின் டிரஸ்டுக்கே அனுப்பினாலும் அது 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் வரும். அந்தச் சட்டப்படிப் பதிவோ முன் அனுமதியோ இல்லாத டிரஸ்ட் அதை வாங்கினால் குற்றம். பதிவுபெற்ற டிரஸ்டும் டெல்லியில் ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்கில்தான் வாங்கலாம். வாங்கியதை வேறொரு நிறுவனத்துக்கு மாற்றிக்கொடுக்க 2020 முதல் தடையும் உண்டு. பாசத்தோடு அனுப்பிய ஆயிரம் டாலரால் டிரஸ்டின் பதிவுகளே ஆட்டம்காணலாம். எனவே ஆண்டுக்கொருமுறை குடும்பத்தில் யார் யாருடைய குடியுரிமை மாறியிருக்கிறது என்று கேட்டுக் குறித்துக்கொள்வது ஆலோசகரின் கடமைகளில் ஒன்றாக வேண்டும்.

ஆலோசகரின் சொந்த லாபம் இதில் எதிர்த்திசையில் இழுக்கக்கூடும். நிர்வகிக்கும் தொகையில் சதவீதக் கட்டணம் வாங்குபவருக்கு, கொடையாகப் போகும் ஒவ்வொரு ரூபாயும் வருமான இழப்பு. கமிஷனுக்கு விற்பவருக்கோ டிரஸ்ட் பணமும் இன்னொரு விற்பனை வாய்ப்பு. கொடைத் திட்டமிடலுக்கு நிலையான கட்டணம் பேசிக்கொண்டு, செபியில் பதிவுபெற்ற ஆலோசகரிடம் எழுத்துமூலம் ஒப்பந்தம் செய்துகொள்வது குடும்பத்துக்கும் நல்லது, அவருக்கும் நல்லது. நிறுவியவரின் ஆலோசகர் பிள்ளைகளுக்கும் ஆலோசகராகத் தொடர விரும்பினால், நிறுவியவர் இருக்கும்போதே பிள்ளைகளின் நம்பிக்கையைப் பெற்றாக வேண்டும்.

எல்லா அறக்கட்டளையும் என்றென்றும் நடக்க வேண்டியதில்லை. சிகாகோ வணிகர் ஜூலியஸ் ரோசன்வால்ட், தாம் இறந்த 25 ஆண்டுக்குள் தம் நிதி முழுவதும் செலவாகிவிட வேண்டும் என்று விதித்தார். அமெரிக்கத் தென்மாநிலங்களின் கறுப்பினக் குழந்தைகளுக்குப் பள்ளிகள் எழுப்பத் துணைநின்ற அந்த நிதி, அவர் மறைந்த 16 ஆண்டில், 1948இல், பணியை முடித்துக்கொண்டது. நடத்த ஆளில்லாத குடும்ப டிரஸ்ட் இந்தியாவிலும் இப்படி முடித்துக்கொள்ளலாம். ஆனால் கலைத்த மாதம் முடிந்த 12 மாதத்துக்குள் சொத்து முழுவதும் பதிவுபெற்ற வேறொரு அற நிறுவனத்துக்குப் போய்ச் சேர வேண்டும். தவறினால் சேர்ந்த சொத்தின் நிகர மதிப்பின்மீது உச்ச விகிதத்தில் வரி விழும். பதிவைப் புதுப்பிக்க மறந்துபோகும் டிரஸ்டுக்கும் இதே வரி வரலாம். கலைக்கும் சூழல் என்ன, யார் முடிவெடுப்பது, சொத்து எந்த வகை நிறுவனத்துக்குப் போக வேண்டும் என்ற விதியையும் தொடக்கப் பத்திரத்திலேயே எழுதிவைக்கச் சொல்வது ஆலோசகரின் வேலை.